‘கண்ணு நல்லாத்தான் இருக்கு’ என்ற சீட்டோடு திரும்பும் குழந்தைகள்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைப் பக்கமாகப் போனால், காணை ஒன்றியத்தில் இருக்கிறது கெடார். அங்கேயோ சுற்றியுள்ள கிராமங்களிலோ ஒரு குழந்தை நான்கு மாதமாகியும் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘ஆம்பளப் புள்ள, எல்லாம் மெதுவாத்தான் வரும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேற்றுவார்கள். அடுத்து யாராவது ‘பட்சி தோஷம்’ என்பார்கள்; மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அதிலும் மாற்றமில்லை என்றால்தான் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. அதையும் தாண்டினால் புதுச்சேரி: கோரிமேட்டில் ஜிப்மர், தவளக்குப்பத்தில் அரவிந்த். கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறிப் போய், சீட்டு எடுத்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியக் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் விளக்கடித்துப் பார்க்கிறார். புரை இல்லை. விழித்திரை சரி. பார்வை நரம்பும் சரி. ‘கண்ணு நல்லாத்தான் இருக்கு, கூட்டிட்டுப் போங்க.’

டாக்டர் சொன்னது உண்மை. அந்த உண்மையோடு பரிசோதனையை முடித்துக்கொண்டதுதான் பிழை.

கண் செய்வது பார்வையின் முதல் வேலையை மட்டும். விழித்திரையில் விழும் ஒளி சமிக்ஞையாகி, நரம்பு வழியாக மூளையின் நடுப்பகுதியைக் கடந்து, பின்மண்டைக்குள் இருக்கும் பார்வைப் பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. காதோரமாகக் கீழே போகும் பாதை ‘இது என்ன பொருள், இவர் யார்’ என்று சொல்கிறது. உச்சந்தலைப் பக்கம் ஏறும் பாதை ‘அது எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், கையை எப்படி நீட்ட வேண்டும், இத்தனை பொருள்களுக்கு நடுவே எதைக் கவனிக்க வேண்டும்’ என்று கணக்குப் போடுகிறது. இந்த நீண்ட வழியில் எங்கே சேதமானாலும், கண் பளிங்கு போலிருந்தும் காட்சி கைகூடாது. மருத்துவர்கள் இதை மூளைசார் பார்வைக் குறைபாடு என்கிறார்கள், ஆங்கிலச் சுருக்கமாக சி.வி.ஐ. வசதியான நாடுகளில் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டுக்கு இன்று முதன்மையான காரணம் இதுதான்.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் பனமலை என்று ஒரு ஊர். பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. அதன் துணைக் கருவறை ஒன்றில், குடையின் கீழ் நிற்கும் தேவியின் சுவரோவியம் பாதி அழிந்த நிலையில் மிஞ்சியிருக்கிறது. எதிரே நிற்பவர் அழிந்துபோன கோடுகளையும் தானாகச் சேர்த்துக்கொண்டு தேவியைக் கண்டுவிடுகிறார். சேர்க்கிற வேலையைச் செய்வது மூளை. அந்த வேலை நடக்காதவருக்கு அது சாயம் திட்டுத் திட்டாகப் படிந்த சுவர், அவ்வளவுதான். சி.வி.ஐ. உள்ள ஒரு குழந்தைக்கு வாரச்சந்தை, கல்யாண மண்டபம், பள்ளி மைதானம் எல்லாம் பல நேரம் அப்படித்தான் தெரிகின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்து உயிர் தப்பிய ஜப்பானிய வீரர்கள் பலருக்குக் கண் பழுதில்லாமலே பார்வையில் ஒரு பகுதி போயிருந்தது. அவர்களைச் சோதித்தவர் டட்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவர். குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்து, மூளைக்குள் அது போன பாதையைக் கணித்து, எந்தப் பகுதி சிதைந்தால் காட்சியின் எந்த மூலை மறைகிறது என்று வரைபடம் போட்டார். அது 1909இல் நூலாக வந்தது. அவருக்கு இந்த வேலை ஏன் வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது: ஓய்வூதியம் நிர்ணயிக்க. ஒவ்வொரு வீரனுக்கும் எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று அரசாங்கத்துக்குக் கணக்குத் தேவைப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணில் பழுதில்லாத பார்வை இழப்பையும் இழப்பாக ஏற்று ஓர் அரசு பணம் கொடுக்க முன்வந்தது. நம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம்களுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் நல்லது. அதைப் பிறகு பார்க்கலாம்.

முதல் உலகப் போரில் இன்னொன்று தெரியவந்தது. பின்மண்டையில் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் சிலர், நிலையாக இருக்கும் பொருளைக் காண முடியாத இடத்திலும் அசையும் பொருளை உணர்ந்தார்கள். ஜார்ஜ் ரிடாக் என்ற மருத்துவர் 1917இல் இதை எழுதினார். இன்றைக்கு ஒரு தாய் ‘பந்து உருண்டா பாக்குது, நின்னா பாக்கமாட்டேங்குது’ என்று சொன்னால், அவர் சொல்வது ரிடாக் கண்டதையேதான். அதைக் கேட்டு, ‘இஷ்டமிருந்தா பாக்குறான், இல்லன்னா இல்ல’ என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

குழந்தைகளுக்கு இந்தச் சேதம் பெரும்பாலும் பிறப்பை ஒட்டியே நேர்கிறது. காரணத்தைத் தாய்மார்களே தங்கள் வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். ‘பொறந்ததும் அழல.’ ‘நீலம் பாரிச்சுப் போச்சு.’ ‘பத்து நாள் பெட்டியில வச்சிருந்தாங்க.’ ‘மூணாம் நாள் ஃபிட்ஸ் வந்துச்சு.’ ‘மூளைக் காய்ச்சல் வந்து பொழச்ச புள்ள.’ இந்த வாக்கியங்களில் ஒன்று காதில் விழுந்தாலே கண் மருத்துவர் விளக்கை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். பிரசவத்தின்போது மூளைக்குப் பிராணவாயு குறைவது முதல் காரணம். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், இத்துறையில் உலகறிந்த ஸ்காட்லாந்து மருத்துவர் கார்டன் டட்டனுடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்விலும் அதுவே முதலிடத்தில் இருந்தது.

நம் நாட்டில் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், பிறந்த சில நாள்களில் குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கிவிடுவது. பெரியவர்களுக்குச் சர்க்கரை கூடுவதைப் பற்றியே கவலைப்பட்டுப் பழகிய சமூகத்துக்கு இது வியப்பாக இருக்கும். எடை குறைந்த குழந்தை, பால் சரியாகக் குடிக்காத குழந்தை, சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தை ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். சர்க்கரை மிகவும் இறங்கி நீடித்தால் மூளையில் முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று பின்மண்டை, அதாவது பார்வைப் பகுதி. தடுக்கும் வழி எளிது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், குழந்தையைக் குளிரவிடாமல் தாயின் மார்போடு அணைத்து வைத்தல், ஆபத்துள்ள குழந்தைக்குக் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதித்தல். சேனை வைக்க மாமன் வரட்டும் என்று முதல் பாலைத் தள்ளிப்போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மாமனைத் தொட்டில் கட்ட அழைத்தால் போதும்.

குறைமாதக் குழந்தைகளின் கதை வேறு. 28, 30 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் மூளையில், நீர் நிறைந்த உள்ளறைகளை ஒட்டியுள்ள வெள்ளைப் பகுதி மிக மென்மையானது. பார்வைக்கான இழைகளும் கால்களை இயக்கும் இழைகளும் அந்த வழியாகத்தான் பக்கம் பக்கமாகப் போகின்றன. அங்கே சேதமானால் கால் விறைக்கிறது. கூடவே காட்சியின் கீழ்ப்பாதியும் மங்குகிறது. கால் விறைப்பு எல்லோர் கண்ணிலும் படும். பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவார்கள். பார்வைக் குறை யார் கண்ணிலும் படாது. நடக்கப் பழகும் அந்தக் குழந்தை வாசற்படியில் தடுக்கி விழுந்தால், பழி காலின்மேல் போய்விடும். படியே அதற்குத் தெரியவில்லை என்பது யாருக்கும் தோன்றாது.

இதில் ஒரு முரண் உண்டு. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயைக் கண்டுபிடிக்க இந்தியாவில் நல்ல ஏற்பாடு வளர்ந்திருக்கிறது. பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைச் சோதித்து, வேண்டுமானால் லேசர் சிகிச்சை கொடுத்து, நிரந்தரப் பார்வையிழப்பைத் தடுக்கிறார்கள். பெரிய காரியம். ஆனால் அந்தச் சோதனையில் தேறிய குழந்தையின் பெற்றோர், ‘கண் பிரச்சினை முடிந்தது’ என்ற நிம்மதியோடு சோதனை அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அட்டை விழித்திரையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. அதற்குப் பின்னால் இருப்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எந்தக் குழந்தைக்கு விழித்திரை ஆபத்து அதிகமோ, அதே குழந்தைக்குத்தான் மூளைச் சேத ஆபத்தும் அதிகம். இரண்டையும் ஒரே அட்டையில் எழுத ஒரு கூடுதல் வரி போதும். இதுவரை அந்த வரி எழுதப்படாமல் இருப்பதற்கு அலட்சியத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

தமிழ்நாடு குழந்தைகளைக் காப்பாற்றத் தெரிந்த மாநிலம். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அறிக்கைப்படி, ஆயிரம் பிறப்புக்கு இந்தியாவில் 28 சிசுக்கள் இறந்தபோது இங்கே 13. முன்பெல்லாம் பிழைக்காத குழந்தைகள் இன்று மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து உயிரோடு வீடு திரும்புகிறார்கள். அப்படித் திரும்பியவர்களில் ஒரு பகுதியினரைத்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். பிழைக்க வைத்ததோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடாது.

வீட்டில் இதை எப்படிக் கண்டுகொள்வது? ஆறு முதல் எட்டு வாரத்தில் குழந்தை முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மூன்று மாதத்தில் அசையும் பொருளைக் கண்ணால் பின்தொடர வேண்டும். சி.வி.ஐ. உள்ள குழந்தை டியூப் லைட்டையோ ஜன்னல் வெளிச்சத்தையோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்க்காது. ஆனால் குரல் கேட்டதும் முகம் மலரும். சிவப்பு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறங்களுக்குத் திரும்பும். கிலுகிலுப்பையைக் காட்டினால் உடனே பார்க்காது. சலித்துப்போய்க் கையை இறக்கும்போது பார்க்கும். அதன் மூளைக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்படுகிறது. இன்னொரு விசித்திரம்: பொருளைப் பார்க்கும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும், பிறகு பார்க்காமலே கையை நீட்டி எடுக்கும். பார்ப்பதையும் எடுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய அதற்கு முடிவதில்லை.

வளர்ந்த குழந்தையிடம் இந்தக் குறை சமையலறையிலேயே தெரியும். தட்டில் சோறு, குழம்பு, பொரியல் இருந்தால் வலது பக்கத்தில் உள்ளதை மட்டும் சாப்பிட்டுவிட்டு ‘இன்னும் வேணும்’ என்று கேட்கும். தட்டை அரைச்சுற்றுச் சுற்றி வைத்தால் மீதியையும் சாப்பிடும். அதற்குக் காட்சியின் இடது பாதி இல்லை. வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்த இட்லியைத் தடவித் தடவித் தேடும் பிள்ளை, வாழையிலையில் வைத்தால் சட்டென்று எடுத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் அம்மாவைத் தொலைத்துவிட்டு அழும். அம்மா எதிரில்தான் நிற்பார். பெரியம்மாவைப் பார்த்துப் பேசாமல் போய் ‘மரியாதை தெரியாத புள்ள’ என்று பெயர் வாங்கும்; ‘என்னடா கண்ணு’ என்று அவர் குரல் கொடுத்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும். மாடிப்படியில் ஏறத் தயங்காது, இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு படியிலும் காலால் துழாவும். தரையில் டைல்ஸ் நிறம் மாறும் இடத்தில் பள்ளம் என்று நினைத்துத் தாண்டும். காலையில் நன்றாகப் பார்க்கிற குழந்தை சாயங்காலம், சோர்வாக இருக்கும்போது, அல்லது பக்கத்தில் டி.வி. அலறும்போது பார்க்காது. இந்த ஏற்ற இறக்கம்தான் பெற்றோரைக் குழப்புகிறது. ‘நடிக்கிறான்’ என்று விழும் அடிக்கும் இதுவே காரணமாகிறது.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெயர்கள் இன்னும் மோசம். சோம்பேறி, மந்தம், கவனமில்லாதவன். கண்ணோடு கண் பார்க்காததால் சிலருக்கு ஆட்டிசம் என்றே முத்திரை விழுகிறது. இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதால் பிரித்தறிவது எளிதல்ல. அதனாலேயே, ஆட்டிசம் என்று எழுதுவதற்கு முன் இந்தக் குழந்தையால் முகத்தைப் பார்க்க முடிகிறதா என்று கேட்பது கட்டாயமாக வேண்டும். இப்படிப்பட்ட லேசான குறையோடு எத்தனை பேர் சாதாரண வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்? இங்கிலாந்தில் 5 முதல் 11 வயது வரையுள்ள ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. மூளைசார் பார்வைச் சிக்கல் ஏதாவது ஒன்றாவது இருந்தவர்கள் 3.4 விழுக்காடு. முப்பது பேர் உள்ள ஒரு வகுப்புக்கு ஒருவர் என்ற கணக்கு. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. பிரசவ காலச் சிக்கல்கள் அங்கே இருப்பதைவிட இங்கே குறைவு என்று சொல்லவும் முடியாது.

நோயறிவது என்று வரும்போது, ஒரே சோதனையில் முடிவு சொல்லும் வழி இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. உதவும், ஆனால் அதில் ஒன்றும் தெரியாத குழந்தைக்கும் இந்தக் குறை இருக்கலாம், பெரிய சேதம் தெரியும் குழந்தை எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பார்க்கலாம். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி இந்தக் குறைபாட்டுக்கு ஒரு பொது வரையறை செய்ததே மிகச் சமீபத்தில்தான். 2024இல் அது வெளியானது. அதன் சாரம் எளிது. மூளையின் பார்வைப் பாதையில் கோளாறு இருக்க வேண்டும். கண்ணில் உள்ள குறையை வைத்து மட்டும் விளக்க முடியாத அளவுக்குப் பார்வைச் சிக்கல் இருக்க வேண்டும். மூளைக் கோளாறு என்னவென்று முதலில் பிடிபடாமலும் போகலாம்.

ஆகவே நல்ல மருத்துவர் நான்கு திசையிலிருந்தும் வருவார். பிறப்பு வரலாறு, முழுமையான கண் சோதனை, மூளைப் படம். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை பார்வையை எப்படிப் பயன்படுத்துகிறது என்ற கவனிப்பு. பேசத் தெரியாத குழந்தையின் பார்வையை அளக்க முடியாது என்பது பழைய நம்பிக்கை. டெல்லர் அட்டைகள் என்று ஒரு வகை உண்டு. சாம்பல் நிற அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இருக்கும். வெறுமையைவிடக் கோட்டைப் பார்க்கத்தான் குழந்தைக்குப் பிடிக்கும் என்பதே இதன் தத்துவம். அட்டையின் நடுவில் உள்ள சிறு துளை வழியாகச் சோதிப்பவர் குழந்தையின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார். கோடுகளைச் சன்னமாக்கிக்கொண்டே போனால், எந்த அளவு வரை அதற்குத் தெரிகிறது என்று விளங்கிவிடும். பின்லாந்துக் கண் மருத்துவர் லெயா ஹுவாரினன் உருவாக்கிய அட்டைகளில், சிரிக்கும் முகம் ஒன்று படிப்படியாக மங்கிக்கொண்டே போகும். அம்மாவின் புன்னகை குழந்தைக்கு எட்டுகிறதா என்பதைச் சோதிக்க இதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை. இவற்றுக்கு மின்சாரம்கூட வேண்டாம். வேண்டியது அமைதியான அறை, பசி தீர்ந்த குழந்தை, அரை மணி நேரம். அரசு மருத்துவமனையின் ஓ.பி. கூட்டத்தில் அந்த அரை மணி நேரம்தான் கிடைப்பதில்லை.

முழுமையான கண் சோதனையில் வேறு லாபமும் உண்டு. மூளைவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகள் பலருக்குக் கண்ணைக் கிட்டத்துப் பொருளில் குவிக்கும் திறன் குறைவு. பொருத்தமான கண்ணாடி போட்டால் அன்றைக்கே கையிலுள்ள பொம்மையைப் பார்க்கத் தொடங்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். ‘இதுக்கு எதுக்குக் கண்ணாடி, அதுதான் ஒண்ணும் பாக்குறதில்லையே’ என்று விட்டுவிடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். வலிப்பையும் அப்படி விட்டுவிடக் கூடாது. ஆறு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் கையை விரித்துத் தலையைக் குனிந்து, திடுக்கிடுவது போல் அடுத்தடுத்துப் பல முறை உதறினால், அது பயந்ததும் அல்ல, வயிற்றுவலியும் அல்ல. அது ஒரு வகை வலிப்பு. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜில் மருத்துவராக இருந்த வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் 1841இல் தன் சொந்த மகனிடம் கண்டு எழுதிய நோய் அது. அது வந்தால் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையும் பார்ப்பதை நிறுத்திவிடக்கூடும். தாமதிக்காமல் மருந்து கொடுத்து அடக்கினால் பார்வை திரும்ப வாய்ப்பு அதிகம். செல்போனில் அந்த உதறலை வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் அன்றைக்கே ஓடுவதுதான் தாய் செய்யக்கூடிய பெரிய உதவி.

‘மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது, பிறகு பெயர் வைத்து என்ன பயன்?’ என்று மருத்துவர்களே சிலர் கேட்கிறார்கள். பயன் இருக்கிறது. வளரும் மூளை முதல் சில ஆண்டுகளில் வளைந்துகொடுக்கிறது. பார்க்கத் தூண்டினால் பல குழந்தைகளின் பார்வை படிப்படியாக மேம்படுகிறது. தூண்டுவதற்கும் பெரிய செலவில்லை. கறுப்புத் துணி விரித்து அதில் ஒரே ஒரு மஞ்சள் பந்து. பூப்போட்ட புடவைக்குப் பதில் ஒரே நிறத்தில் அம்மா. பொருளைக் காட்டும்போது வாயை மூடிக்கொண்டு காத்திருத்தல். பேசும்போது எப்போதும் பெயர் சொல்லி, ‘அத்தை வந்திருக்கேன்’ என்று தொடங்குதல். பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சி நூலின் பக்கங்கள் வண்ணப் படங்களால் நிறைந்து வழிகின்றன. மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், இந்தப் பிள்ளைக்குத் திண்டாட்டம். ஒரு கறுப்பு அட்டையில் சன்னல் போல வெட்டி, ஒரு நேரத்தில் ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி வைத்தால் அதே பிள்ளை பதில் எழுதுகிறது. அட்டையின் விலை ஐந்து ரூபாய்கூட ஆகாது. எந்தப் பிள்ளைக்கு அதைக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் பெயர் வேண்டியிருக்கிறது. பெயர் இல்லாத இடத்தில் ‘பிரெய்ன் டானிக்’கும், லட்சங்களைக் கறக்கும் ஸ்டெம் செல் ஊசியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்த ஊசி இந்தக் குறைக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

இப்போது அரசிடம் வருவோம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து, பிறந்தது முதல் 18 வயது வரை 30 வகைக் குறைகளைத் தேடுகிறது. பிறவிக் கண்புரை அதில் இருக்கிறது. குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோய் இருக்கிறது. பொதுவாகப் பார்வைக் குறைபாடு என்றும் இருக்கிறது. மூளைசார் பார்வைக் குறைபாடு தனிப்பெயரில் இல்லை. 2009இல் தமிழ்நாடு தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கண்ணாடி தந்த நல்ல திட்டம். ஆனால் அதன் கருவி சுவரில் மாட்டிய எழுத்து அட்டை. சி.வி.ஐ. உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அந்த அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள், குறிப்பாக எழுத்தை ஒவ்வொன்றாகக் காட்டினால். படித்துவிட்டு வெளியே வந்து கதவு நிலையில் இடித்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டிடம் இதற்கு ஏற்ற ஒரு வசதி இருக்கிறது. இங்கே ஒவ்வொரு கர்ப்பமும் பிக்மி எண்ணோடு பதிவாகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதிக்கு அந்த எண்தான் திறவுகோல். எந்தத் தாய்க்கு எப்போது பிரசவம், குழந்தையின் எடை என்ன என்பதெல்லாம் அரசின் கணினியில் ஏறுகிறது. கிராம சுகாதார செவிலியருக்கோ கணினிகூடத் தேவையில்லை. எந்த வீட்டுக் குழந்தை பெட்டியில் இருந்தது என்பது அவருக்கு மனப்பாடம். பிறந்ததும் அழாத, எடை குறைந்த, வலிப்பு வந்த, சர்க்கரை இறங்கிய ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பதிவில் ஒரு குறியிட்டு, மூன்றாம் மாதம், ஒன்பதாம் மாதம், இரண்டாம் வயது, பள்ளியில் சேரும் வயது ஆகிய கட்டங்களில் பார்வை நடத்தையைக் கேட்டறிய ஏற்பாடு செய்ய முடியாதா? மூன்றாம் மாத வாக்கில் தடுப்பூசிக்கு வரும் தாயிடம், ‘பாப்பா உங்க மொகத்த பாக்குதா, சத்தம் போடாம சிரிச்சா திருப்பிச் சிரிக்குதா?’ என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? ‘சத்தம் போடாம’ என்பது முக்கியம். குரலுக்குச் சிரிப்பதைப் பார்வை என்று எண்ணி ஏமாறுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

குறியிடப்பட்ட குழந்தை போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துக்குள் இருக்கிறது, குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், கண் பரிசோதகர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அங்குள்ள கண் பரிசோதகருக்கு இரண்டு வாரப் பயிற்சியும் ஒரு பெட்டி அட்டைகளும் கொடுத்து, வாரத்தில் ஒரு பிற்பகலை இந்தக் குழந்தைகளுக்கு ஒதுக்கினால், விழுப்புரம் மாவட்டத்துத் தாய் முதல் பதிலுக்காகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்; அவர்களுக்கும் இதே பயிற்சி வேண்டும். தட்டைச் சுற்றிவைத்துப் பார்க்கவும் இட்லியின் நிறத்தைக் கவனிக்கவும் மருத்துவப் பட்டம் தேவையில்லை.

கடைசியாகச் சட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதில் பார்வை பற்றிய பகுதி முழுக்க எண்கள். நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகு 6/18க்குக் கீழே இருந்தால் குறைபார்வை, 3/60க்குக் கீழே போனால் பார்வையின்மை. அல்லது காட்சிப் பரப்பு 40 பாகைக்குக் கீழ், 10 பாகைக்குக் கீழ். 6/9 படிக்கிற, ஆனால் கூட்டத்தில் தாயைக் கண்டுபிடிக்க முடியாத, அச்சடித்த பக்கத்தில் வரியைப் பிடிக்க முடியாத குழந்தைக்கு அந்த எண்களில் இடமில்லை. மூளைவாதமும் சேர்ந்திருந்தால் உடல் இயக்கக் குறைபாட்டின் பெயரில் அட்டை கிடைக்கலாம். அப்போதும் பார்வைக் குறை ஆவணத்தில் ஏறாது. ஏறாததால் பெரிய எழுத்து வினாத்தாளும் கூடுதல் நேரமும் கேட்க ஆதாரம் இருக்காது. மூளைவாதம் இல்லாத குழந்தைக்கு அதுவும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானியப் போர் வீரனுக்குக் கிடைத்தது, கண்ணில் பழுதில்லாத பார்வை இழப்புக்கான அங்கீகாரம். காணை ஒன்றியத்துக் குழந்தைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வரையறையைத் திருத்துவது ஒன்றிய அரசின் வேலை. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் அதைக் கேட்க வேண்டும். ஆனால் பிக்மி பதிவில் ஒரு குறி, தடுப்பூசி நாளில் ஒரு கேள்வி, விழித்திரைச் சோதனை அட்டையில் ஒரு வரி, மாவட்ட மையத்தில் ஒரு பெட்டி அட்டை ஆகிய நான்குக்கும் டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். சுகாதாரத் துறை அதை இந்த ஆண்டே அனுப்ப வேண்டும்.